ஒன்பதாம் நம்பர் தகப்பன்

என் கையெழுத்து இல்லாமல் இனி இந்தத் தோட்டத்தில் ஒரு நாயும் தகப்பனாக முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பசியாற உட்கார்ந்தபோது நான் இப்படித் தீர்மானம் செய்தேன். உரக்கவும் சொன்னேன். கேட்டவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி பாஞ்சாலை. மற்றது எங்கள் பெட்டை நாய் டஸ்ட்டு. டஸ்ட்டு வாலை ஆட்டியது. பாஞ்சாலை இன்னொரு தோசை வைத்தாள். இரண்டையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் முதல் தப்பு.

என் பெயர் ஆண்டியப்பன். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி எண்ணுகிறவன். தேயிலைப் பெட்டிகள் லோரியில் ஏறும்போது கதவோரம் நின்று எண்ண வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பெட்டி தப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பலகையில் ஆள் நடக்கும் சத்தத்தை வைத்தே எண்ணிவிடுவேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பாஞ்சாலை நான்காம் வகுப்பு. அந்த ஒரு வகுப்பு வித்தியாசத்தில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். யாருடைய முகத்தையும் பார்த்து 'முடியாது' என்று சொல்ல எனக்கு வராது. முதுகைப் பார்த்துச் சொல்லுவேன். அதற்குள் அவர்கள் போய்விட்டிருப்பார்கள்.

தேயிலை சலிக்கும்போது கடைசியாக விழுகிற பொடிக்கு டஸ்ட்டு என்று பெயர். எங்கள் நாய்க்கு அதே நிறம். காட்டுப்பன்றி வந்தால் தொழிலாளர் லயனில் மூன்று வீடு தள்ளியே மோப்பம் பிடித்துவிடும். அதனால் அதன் குட்டிக்குப் போட்டி. காய்கறித் தோட்டக்காரர்கள் கோலா தெர்லாவிலிருந்தெல்லாம் ஆள் அனுப்புவார்கள்.

முதல் ஈற்றுக்கு, பழைய துரை வளர்த்த நாயோடு டஸ்ட்டை விட்டோம். பார்க்கக் குதிரை மாதிரி இருக்கும் நாய். குட்டிகள் ஆறு. எட்டாம் மாதம் அதில் நான்கு பின்காலை இழுத்தன. ஒன்று எங்களிடமே இருந்தது. வெள்ளை என்று பெயர். காலையில் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் விட்டால்தான் வெயில் காயும். பதினொரு மாதம் தூக்கினேன். அதற்கு மேல் தூக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கை நான் நோட்டில் எழுதவில்லை.

மாடு பார்க்க மாதம் ஒருமுறை தாப்பாவிலிருந்து வரும் கால்நடை டாக்டரைக் கேட்டேன். இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தால் தொடை எலும்பு அதில் சரியாக உட்காராது, அது தாய் தகப்பன் ரத்தத்தில் வருவது, ஆகவே ஜோடி சேர்க்கும் முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்றார். நிச்சயமாகத் தெரிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முடியாவிட்டால் நடையைப் பார், கண்ணைப் பார், காதைப் பார், வலிப்பு உண்டா என்று கேள், அதன் தாய் தகப்பன் எப்படி இருந்தன என்று விசாரி என்றார். எட்டு விதிகளாக எழுதிக்கொண்டேன். ஏழு விதிகளில் பக்கம் நிறைந்துவிட்டது. எட்டாவதை ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: 'குறை பிறவியில் வந்ததா, பிறகு வந்ததா என்று கேட்கவும். பிறகு வந்தது குட்டிக்கு வராது.'

அந்த ஓரத்தை அன்றைக்கே கிழித்திருக்கலாம்.

ஊர் நாய்களைச் சோதிக்கும் முன் நம் நாயைச் சோதிப்பதுதானே நியாயம். டஸ்ட்டை எக்ஸ்ரேக்கு ஈப்போ கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். பாஞ்சாலையின் தம்பி பழனியப்பன் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவன் லோரியில் போவதென்று முடிவாயிற்று.

பழனியப்பனிடம் மணியன் என்றொரு நாய் உண்டு. லோரியின் பின்னால் கோசு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகும். முன்னங்கால் இடது, இரண்டு விரல்கடை குட்டை. நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் கும்பிடு போடுகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட நாய்க்கு டஸ்ட்டைப் பெண் கேட்டான் பழனியப்பன்.

"மாமா, மணியனையும் பாருங்களேன்லா. பன்றினா அதுக்கு உயிர்."

நான் லோரியின் டயரைப் பார்த்தேன். "நொண்டிக்கு என் நோட்டில் இடமில்லை" என்று டயரிடம் சொன்னேன். பாஞ்சாலை பக்கத்தில் நின்றாள். டயருக்குக் காது கிடையாது. பாஞ்சாலைக்கு உண்டு.

மார்ச் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். டஸ்ட்டை முன்னால் என் மடியில் வைத்துக்கொள்வதாக இருந்தேன். பாஞ்சாலை வேண்டாம் என்றாள். முன்னால் ஏற்றினால் எண்ணெய் நாற்றத்துக்கு வாந்தி எடுக்குமாம். பின்னால் கோசு மேலே காற்றாட வரட்டுமாம். நியாயமாகப் பட்டது. தாப்பா இறக்கத்து வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். இருநூற்றுப் பன்னிரண்டில் தூங்கிவிட்டேன்.

எக்ஸ்ரே படத்தில் டஸ்ட்டின் இரண்டு கிண்ணமும் நல்ல ஆழம். அப்படியானால் முதல் ஈற்றின் குறை தகப்பன் பக்கத்தது. எனக்கு மனசு லேசாயிற்று. மாலையில் லயன் வாசலில் டஸ்ட்டை இறக்கி நோட்டில் எழுதினேன்: 'போனது நாய் 1. வந்தது நாய் 1. இடுப்பு நலம். ஆண்டியப்பன்.'

என் காலண்டர்படி டஸ்ட்டு பருவத்துக்கு வருவது ஏப்ரலில். ஆகவே ஏப்ரல் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று அறிவித்தேன். தகப்பன் நாயின் சொந்தக்காரருக்கு முதல் குட்டி என்பது எங்கள் மலையில் வழக்கம். எட்டு நாய்கள் வந்து பெயர் கொடுத்தன. துரை பங்களாவிலிருந்து மேஜர் என்கிற உயர்ந்த ஜாதி நாயும் வந்தது.

எட்டு நாய் என்றால் எட்டு சொந்தக்காரர். எட்டு முகம். ஏழு பேரிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டும். இதை நினைத்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முகமே இல்லாத பரீட்சை.

லயனுக்குப் பின்னால் கொழுந்துக்காரர்கள் போகும் பாதை இருக்கிறது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவில் தேயிலை. மேட்டை ஒட்டி ஒரு காலிப் பெட்டி. அதன் மேல் நான். எனக்கு முன்னால் நான்கு சாக்குகளைத் தைத்துத் திரை. திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. எனக்குத் தெரிவது பாதம் மட்டும். பாதையில் தேயிலைப் பெட்டி மூடிகள் பன்னிரண்டை வரிசையாகப் பரப்பினேன். நாய் அதன் மேல் நடக்கும்போது சத்தம் ஒரே சீராக விழுந்தால் நடை சரி. இடறி விழுந்தால் குறை. சத்தம் எண்ணுவதில்தான் நான் இருபத்தாறு வருஷம் பிழைத்திருக்கிறேனே.

காலையில் ஆள்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டு மாதிரியே நாய்ப் பெரட்டு. ஒரே வித்தியாசம், பெயர் கூடாது. நம்பர் மட்டும். நாயைப் பிடித்து நடத்தி வருவதும், நம்பர் சொல்வதும், தாய் தகப்பன் விவரம் விசாரித்துச் சொல்வதும் பாஞ்சாலை வேலை. அவள் அதற்கு ஒரு வாரம் லயன் லயனாக அலைந்தாள். என் திட்டத்தில் இவ்வளவு அக்கறையா என்று நான் உருகிப்போனேன்.

பலகை போட்டுவிட்டுப் பசியாறப் போய்வந்தேன். பரீட்சை தொடங்கியது.

முதல் நாய் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து வந்தது. டக், டக்டக், டக். இடறல். 'ஒன்று: நடை குறை' என்று எழுதினேன். இரண்டாவதும் இடறியது. மூன்றாவதும். நான்காவது வந்தபோது எங்கள் தோட்டத்து நாய்கள் மேல் இரக்கம் வந்தது. ஐந்தாவது வந்தபோது வாசனைச் சோப்பு மணத்தது. இந்த மலையில் நாய்க்கு வாசனைச் சோப்பு போடுவது ஒரே வீடு. பேனாவை ஒருமுறை மூடித் திறந்தேன். ஆனாலும் சத்தம் சத்தம்தான். 'ஐந்து: நடை குறை.' துரை நாயையே பெயிலாக்கிய முதல் ஆள் நான்தான். ஆறாவது வந்தபோது, இது கேமரன் மலைக்கே வந்த சாபமோ என்று யோசித்தேன். எட்டாவதும் இடறியது.

நோட்டை மூடினேன்.

"மூடாதீங்க. ஒன்பது இருக்கு" என்றாள் பாஞ்சாலை திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"எட்டுத்தானே பேர் கொடுத்தாங்க?"

"ஒண்ணு லேட்டு. யாருதுனு சொல்லவா?"

"சொல்லாதே. விதி."

"அப்ப சரி. தொழிற்சாலைப் பக்கம் வெயில் ஏறிடிச்சி. இதை இந்தப் பக்கத்துலேர்ந்து கூட்டியாறேன்."

ஒன்பதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. டக், டக், டக், டக். கடிகாரம் மாதிரி. பன்னிரண்டு பலகையிலும் ஒரு சத்தம் முந்தவில்லை, ஒரு சத்தம் பிந்தவில்லை. கண்ணும் காதும் பார்க்கத் திரையில் விட்டிருந்த சின்ன ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். தெளிவு. பின்னால் கை தட்டச் சொன்னேன். காது திரும்பியது. தாய் தகப்பன்?

"தகப்பன் லெம்பா பெர்த்தாமில் ஒரு சீனத் தவுக்கே மொதலாளி தோட்டத்துல பதிமூணு வருஷம் இருந்திச்சி. சாகற வரைக்கும் வேலி தாண்டிச்சாம். தாய் இன்னும் இருக்கு. வலிப்பு கெடையாது. கூடப் பொறந்ததும் நல்லா இருக்கு. நேர்ல போய்ப் பாத்தேன்."

"எட்டாவது விதி?"

"பொறவியில ஒரு குறையும் இல்ல."

சுருக்கமான பதில். எனக்குச் சுருக்கம் பிடிக்கும். பேனாவைத் திறந்தேன்.

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சிப் போடுங்க" என்றாள்.

"எனக்கு யோசனை சொல்லாதே. நான் போட்டால் போட்டதுதான்."

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவரு போட்டா போட்டதுதானாம்" என்று அவள் குரலை உயர்த்தினாள். வாய்க்கால் ஓரம் காத்திருந்த சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். '9. தேர்வு. ஆண்டியப்பன்' என்று எழுதினேன்.

திரையை விலக்கினாள். பலகையை விட்டு இறங்கிய ஒன்பதாம் நம்பர் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது. இன்னோர் அடி வைத்தது. இன்னொரு கும்பிடு.

மணியன்.

"இது நொண்டி" என்றேன்.

"நோட்டுல அப்படி இல்லையே."

"காலைப் பாரு."

"கண்ணு ஏமாத்தும், காதுதான் நம்பிக்கைனு நேத்து பூரா சொன்னது யாரு?"

கையிலிருந்த பேனா நழுவிப் பலகையில் விழுந்தது. விழுந்து நிற்கவில்லை. பலகையின் குறுக்கே உருண்டு, சரிவுப் பக்கம் போய்த் தேயிலைக்குள் விழுந்தது. நான் பேனா போன திசையைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட, பாதையையே சாய்வாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். நான்கு காலும் சமமான நாய் அதில் நடந்தால் இடறத்தான் செய்யும். இடது கால் குட்டையான நாய், மேடு தன் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி நடந்தால் மட்டும், கடிகாரம்.

"பாதை சாஞ்சிருக்கு" என்றேன்.

"முப்பது வருஷமா கூடையைச் சுமந்துக்கிட்டு இந்தப் பாதையில நடக்கிறேன். எனக்கே ஒரு கால் நொண்டும். நீங்க பெட்டியில ஏறி உக்காந்துட்டீங்க, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பசியாறப் போனப்ப மணியனை ரெண்டு பக்கமும் நடக்க விட்டுப் பாத்தேன்."

"அப்ப அந்த எட்டு நாயும்?"

"நடை நல்லாத்தான் இருக்கும். தப்பா பெயில் போட்டுட்டேன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க. அதோ நிக்கிறாங்க."

பார்த்தேன். எட்டுப் பேரும் நின்றார்கள். முன்னால் பக்கத்து வீட்டு ருக்குமணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. கடைசியில் துரை. எட்டில் ஒருவராவது முதுகைக் காட்டுவார்களா என்று பார்த்தேன். எட்டும் முகம்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, கால் எப்படிக் குட்டையானது என்று கேட்டேன்.

"அஞ்சு மாசக் குட்டியா இருந்தப்ப லோரி பின்கதவு விழுந்திச்சி. ரிங்லெட் பாசார் வாசல்ல. ஊரே பாத்திச்சி. லோரிக் கதவு ரத்தத்துல வருமா? எட்டாவது விதியைப் படிங்க. ஓரத்துல இருக்கு, சின்ன எழுத்துல."

படித்தேன். என் கையெழுத்துத்தான். வெள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற காலைகள் ஞாபகம் வந்தன. மணியனின் பின்காலைத் தடவிப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. இடுப்பில் குறை இல்லை. அது என் கையை நக்கியது. நான் போட்டால் போட்டதுதான்.

திங்களும் செவ்வாயும் மணியன் எங்கள் விறகுக் கொட்டகையில் டஸ்ட்டோடு தங்கியது. இரண்டும் அவ்வளவு ஆவல் காட்டவில்லை. வெகுநாள் பழகிய புருஷன் பெண்சாதி மாதிரி ஆளுக்கொரு மூலையில் தூங்கின. "ஆச்சு" என்றாள் பாஞ்சாலை. நாய்க்கு அறுபத்துமூன்று நாள் கணக்கு. செவ்வாய், ஏப்ரல் பத்திலிருந்து எண்ணி, ஜூன் பன்னிரண்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

இதற்கிடையில் என் புகழ் ஏறியது. மேஜரைப் பெயிலாக்கியதைத் துரை சிரித்தபடி வாங்கிக்கொண்டாலும், மனசு கேட்காமல் ஈப்போவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். இடுப்புக் கிண்ணம் இரண்டும் தட்டு மாதிரி ஆழமில்லாமல் இருந்ததாம். 'ஆண்டியப்பன் காதிலேயே எக்ஸ்ரே எடுக்கிறார்' என்று ஆப்பீஸில் பேச்சு. ருக்குமணிகூட வழிவிட்டு நடந்தாள். நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். பாதை சாய்வு என்பதை யாரிடமும் சொல்லவில்லை. டஸ்ட்டின் வயிறு பெருத்தது. என் சோற்றில் பாதியை அதற்கு வைக்கிறோம், பெருக்காமல் என்ன என்று விட்டுவிட்டேன்.

மே எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். விறகுக் கொட்டகையில் டஸ்ட்டு படுத்திருந்தது. பக்கத்தில் ஏழு குட்டிகள்.

இருபத்தெட்டாம் நாள். இன்னும் முப்பத்தைந்து நாள் பாக்கி. பாதி கூட வேகாத குட்டிகள், ஒன்றுகூடத் தேறாது என்று பதறினேன். நல்ல வேளையாக அன்று டாக்டர் மாட்டுக் கொட்டகைக்கு வந்திருந்தார். சாப்பிடாமல் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கினார். நகம் பார்த்தார், முடி பார்த்தார், வாயில் விரல் வைத்துச் சப்ப விட்டார்.

"நாள் நிறைஞ்ச குட்டிங்க. ஏழும் முத்து" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் போனார்.

அது நிஜம். இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஏழில் ஒன்றுகூடப் பின்காலை இழுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து ஏழும் பன்றி துரத்தின. மாதம் ஒரு முறை வீடு வீடாகப் போய், சமதரையில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்குக் கணக்கு இடித்தது. காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மே எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். அறுபத்துமூன்று நாள். மார்ச் ஆறு. மறுபடியும் எண்ணினேன். மார்ச் ஆறு. செவ்வாய். நோட்டைப் புரட்டினேன். 'போனது நாய் 1. வந்தது நாய் 1. இடுப்பு நலம்.'

பாஞ்சாலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். என் தோளுக்கு மேலாக நோட்டைப் பார்த்தாள்.

"டஸ்ட்டு இந்தத் தடவை பருவத்துக்கு ஒரு மாசம் முந்திக்கிச்சி, கோசு மேல மணியன் பக்கத்துலயே இருந்திச்சி. மறுநாள் குளிப்பாட்டினப்பவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா ஒரு வாரம் அலைஞ்சே? ஒன்பது நாயை நடத்தினே?"

"ஒங்க கையெழுத்து இல்லாம ஒரு நாயும் தகப்பனாக முடியாதுனு சொல்லிட்டீங்களே. பொறக்கப் போற புள்ளைங்களுக்குத் தகப்பன் பேரு வேணாமா? அதுவும் நல்ல எடந்தானானு நான் விசாரிக்க வேணாமா?"

தேத்தண்ணியை எடுத்தேன்.

"இருபத்தாறு வருஷமா ஒரு பெட்டி தப்பவிடாத ஆளு" என்றாள் அவள், வெற்றுக் கோப்பைக்காகக் காத்து நின்றபடி. "அன்னைக்கி லோரியிலேர்ந்து எறக்கறப்ப ஏழு நாயை எண்ணாம விட்டுட்டீங்க."

பேனாவை எடுத்தேன். 'வந்தது நாய் 1' என்பதை அடித்துவிட்டு, 'வந்தது நாய் 8' என்று எழுதினேன். திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. போட்டேன்.